‘உள் காரணம்’ தேடும் முகப்பருப் பரிசோதனைத் தொகுப்பு: ஒரு மதிப்புரை

நாகர்கோவிலில் உள்ள ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம், முகப்பருவின் உள் காரணத்தைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு தொகுப்பை விற்கிறது. விலை மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. சுங்கான்கடையில் இருக்கும் என் தங்கையின் மகள், கல்லூரியில் படிப்பவள், தாடையிலும் கழுத்தோரத்திலும் வலியோடு கிளம்பும் பெரிய பருக்களால் நெடுநாளாகத் துன்பப்பட்டு வந்ததால், அவளுக்காக இந்தத் தொகுப்பை வாங்கினோம். நிலையத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் குறை அந்த ஒரு நிலையத்தின் மீதானது அன்று. ‘தோலும் ஹார்மோனும்’ என்ற வகையில் யார் விற்கும் தொகுப்பாக இருந்தாலும், அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேவையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. கல்லூரிக்குக் கிளம்பும் முன்பே, வெறும் வயிற்றில், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள். வந்த இளைஞர் ஊசியைப் புதிதாகப் பிரித்துக் காட்டினார். குழாய்களில் பெயர்ச் சீட்டை எங்கள் கண்முன்னே ஒட்டினார். ஊசி பயத்தில் கையை இழுத்துக்கொண்ட பெண்ணிடம் பொறுமையாகவும் நடந்துகொண்டார். அன்று மாலையே அறிக்கை கைபேசிக்கு வந்துவிட்டது. சொன்ன விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. ரத்தம் எடுத்துக் கணக்கிட்டு அனுப்பும் வேலையை மட்டும் மதிப்பிடுவதானால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு இந்த மதிப்புரையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் விற்கப்பட்டது அந்த வேலை அன்று, காரணம் காணுதல்.

தொகுப்பில் இருந்தவை இவை: டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை ஹார்மோனின் மொத்த அளவு, சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., வெறும் வயிற்றுச் சர்க்கரை, இன்சுலின், வைட்டமின் டி, வைட்டமின் பி12, ஒவ்வாமையைக் குறிக்கும் ஐ.ஜி.இ., கல்லீரல் செயல்பாடு, கொழுப்பு வகைகள், ரத்த அணுக்களின் எண்ணிக்கை. இவற்றில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் பருவோடு தொடர்பு உண்டு; மற்றவை தாளை நிரப்புவதற்கு வந்தவை. அதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் பரு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

தோலில் மயிர்க்காலோடு ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகத்திலும் மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும் அவை பெரியவை, எண்ணிக்கையிலும் அதிகம். அந்தச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பது, மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைப்பது, அடைபட்ட இடத்தில் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா பெருகுவது, உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே வந்து அழற்சியை உண்டாக்குவது என நான்கும் சேர்ந்ததே பரு. இந்தப் பாக்டீரியா எல்லோருடைய தோலிலும் இயல்பாகவே வாழ்வது. அழுக்கினால் வருவது அன்று. ஆகவே ‘உள் காரணம்’ என்று ஒன்றைச் சொன்னால், அது இந்த நான்கில் எதையாவது, பெரும்பாலும் எண்ணெய்ச் சுரப்பை, உள்ளிருந்து தூண்டுவதாக இருக்க வேண்டும். ரத்தம் கெட்டுப்போவது என்ற ஒன்று இந்த வரிசையில் எங்குமே வருவதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் மாவட்டத்தில் பருவைக் கண்ட பெரியவர்கள் முதலில் சொல்வது, “ரத்தம் கெட்டுக் கிடக்கு மக்ளே, பேதிக்குக் குடு” என்பதுதான். தங்கையின் மாமியாரும் அதையே சொல்லி ஒரு ரத்த சுத்தி டானிக்கை வாங்கி வைத்திருந்தார். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிற, மருந்துவாழ்மலையைத் தலைமாட்டில் வைத்திருக்கிற மாவட்டம் இது. முறையாகப் படித்த வைத்தியர் பார்த்துக் கொடுக்கும் மருந்தைப் பழிப்பது என் நோக்கமன்று. யாரும் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்கும் ரத்த சுத்திகளைப் பற்றித்தான் சொல்கிறேன். அவற்றுள் பலவற்றில் நிலாவாரை போன்ற பேதிச் சரக்கு சேர்ந்திருக்கும். குடித்தால் வயிறு போகும். போனதும் உள்ளே ஏதோ சுத்தமானதுபோல் தோன்றும். பரு தன் போக்கில் இருக்கும். பரிசோதனைத் தொகுப்பு இந்த டானிக்கை விட நவீனமானதாகத் தெரிகிறது. வருபவர் யாரென்று கேளாமல் எல்லோருக்கும் ஒரே சரக்கைக் கொடுப்பதில் இரண்டும் ஒன்றே.

எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும் முதன்மையான பொருள் ஆண்ட்ரோஜன் என்னும் ஆண்மை ஹார்மோன் வகை. இது பெண்கள் உடலிலும் சினைப்பையிலிருந்தும் அட்ரீனல் சுரப்பியிலிருந்தும் வருகிறது. பருவமடையும் முன் விதை நீக்கப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வரத் தொடங்குகிறது என்பதும் 1940களிலேயே பதிவான செய்திகள். ரத்தத்தில் வரும் டெஸ்டோஸ்டிரோனை எண்ணெய்ச் சுரப்பியே தனக்குள் ஒரு நொதியைக் கொண்டு டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியமிக்க வடிவமாக மாற்றிக்கொள்கிறது. பரு உள்ள பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருக்கும். சுரப்பி அந்த இயல்பான அளவுக்கே மிகையாக எதிர்வினை காட்டுகிறது. அந்த எதிர்வினை பரம்பரையாக வருவது. பிரிட்டனில் இரட்டைப் பெண்களிடம் செய்து 2002இல் வெளியான ஆய்வில், பருவின் வேறுபாட்டில் 81 விழுக்காடு மரபணுவால் விளக்கப்பட்டது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்லூரிக் காலத்தில் முகம் எப்படி இருந்தது என்ற கேள்வி, எந்த ரத்தக் குழாயையும் விட அதிகம் சொல்லக்கூடியது. தொகுப்பின் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

எங்கள் பெண்ணின் அறிக்கையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் இயல்பான எல்லைக்குள் இருந்தது. பச்சை நிறத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தது. அதோடு ஹார்மோன் கதை முடிந்தது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். இங்கேதான் தொகுப்பின் மிகப் பெரிய பிழை இருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடும் அல்புமினோடும் பிணைந்தே திரிகிறது. எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு பகுதியே திசுக்களில் எளிதாக வேலை செய்கிறது. இன்சுலின் மிகுந்திருக்கும் பெண்களுக்கு அந்த எஸ்.எச்.பி.ஜி. குறைந்துபோகும். அப்போது மொத்த அளவு இயல்பாக இருக்கும்போதே தனித்த பகுதி கூடியிருக்கலாம். தொகுப்பில் மொத்த அளவு மட்டுமே இருந்தது, எஸ்.எச்.பி.ஜி. இல்லை. பிறவியிலேயே அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைந்து, இளமையில் பருவாகவும் மயிராகவும் மட்டும் வெளிப்படும் ஒரு வகைக் குறைபாட்டைக் கண்டறிய உதவும் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோனும் இல்லை. தேவையானவை இரண்டும் விடுபட்டிருக்க, ஐ.ஜி.இ. மட்டும் இருந்தது.

ரத்தம் எடுத்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் ஆகியவை மாதவிலக்குச் சுழற்சியில் நாளுக்கு நாள் மாறுபவை. அதனால் இவற்றை மாதவிலக்குத் தொடங்கிய சில நாட்களுக்குள், காலையில் எடுப்பது வழக்கம். கருத்தடை மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் அது ஆண்ட்ரோஜன் அளவையே மாற்றிவிடும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எங்களிடம் கடைசி மாதவிலக்கு எப்போது என்று கேட்கவில்லை. அந்த இளைஞர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்னியர் ஒருவர் வாசலில் நின்று கேட்கும் கேள்வி அன்று அது. முன்பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் போதும்.

இன்னொரு கேள்வியும் விடுபட்டது. பெண் முடி உதிர்வுக்காக பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதிக அளவு பயோட்டின், சில வகை ஆய்வுக் கருவிகளில் ஹார்மோன் அளவைத் தவறாகக் காட்டச் செய்யும், டி.எஸ்.எச். போன்றவை உண்மையை விடக் குறைவாகவும், டெஸ்டோஸ்டிரோன் போன்றவை உண்மையை விடக் கூடுதலாகவும் வரக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அறிக்கையில் டி.எஸ்.எச். கீழ் எல்லைக்கும் கீழே சிவப்பாக வந்தது. வீட்டில் ஒரு வாரம் தைராய்டைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. பிறகு மருத்துவர் அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொன்னபோது அது இயல்பாகவே இருந்தது.

சர்க்கரையும் இன்சுலினும் தொகுப்பில் இருந்ததை நான் வரவேற்கிறேன். உணவுக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகிறது. ரத்தத்தில் சர்க்கரையை விரைந்து ஏற்றும் உணவு இன்சுலினை ஏற்றுகிறது, அது ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருளின் வேலையையும் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பியையும் ஆண்ட்ரோஜனையும் தூண்டுகின்றன. ஆஸ்திரேலியாவில் பருவுள்ள இளைஞர்களுக்குப் பன்னிரண்டு வாரம் சர்க்கரையை மெல்ல ஏற்றும் உணவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அவர்களுக்குப் பரு மற்றக் குழுவை விட அதிகம் குறைந்தது. பங்கேற்றவர்கள் நாற்பத்து மூன்று பேரே என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. பாலைப் பற்றிய சான்று இதைவிடத் தளர்ந்தது. பள்ளிக் காலத்தில் என்ன குடித்தீர்கள் என்று வளர்ந்த பெண்களிடம் நினைவைக் கேட்டு எடுத்த அமெரிக்கக் கணக்கில், கொழுப்பு நீக்கிய பாலுக்கும் பருவுக்கும் தொடர்பு தெரிந்தது. நாளுக்கு இரண்டு சாயா குடிப்பவர் அதற்காகப் பயப்படத் தேவையில்லை. அதில் போடும் சீனியைக் குறைப்பது வேண்டுமானால் பயன்படும்.

குமரி மாவட்டத்துச் சமையலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்களுக்காக ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். பாப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1,200 பேரைப் பார்த்த மருத்துவர்கள் ஒருவரிடமும் பரு இல்லை என்று 2002இல் எழுதினார்கள். அந்தத் தீவினர் உண்பது கிழங்கு, தேங்காய், மீன், பழம். நம் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் இருக்கும் தட்டுக்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. அவர்களிடம் இல்லாதவை சீனி, மைதா, பால் பொருட்கள், பொட்டலத் தின்பண்டம். பரம்பரையும் அவர்களுக்குத் துணை செய்திருக்கலாம் என்பதால் இதை முடிந்த முடிபாக எடுக்க முடியாது. ஆனாலும் தேங்காயைப் பழிக்கும் முன் பேக்கரியைப் பார்க்கலாம் என்ற அளவுக்கு அது இடம் தருகிறது. நேந்திரங்காய் வற்றலின் எண்ணெய் முகத்தில் வழிகிறது என்பதும் அப்படியே. தோலின் எண்ணெயைச் சுரப்பி தானே உண்டாக்குகிறது, வாணலியிலிருந்து அது நேரே வருவதில்லை. நெற்றியில் மட்டும் பரு உள்ளவர்கள், தலையில் வழிய வழியத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயைச் சற்று விலக்கிப் பார்ப்பது நல்லது. அது வெளிக்காரணம், இங்கே அதற்கு இவ்வளவு போதும்.

எங்கள் பெண்ணின் இன்சுலின் சற்றுக் கூடுதலாக இருந்தது. அறிக்கை அதைச் சிவப்பில் காட்டியதோடு நின்றுவிட்டது. அவளுடைய பின்கழுத்தில் இருந்த கருமையைக் காணும் கண் எந்தக் கருவிக்கும் இல்லை. அழுக்கு என்று நினைத்து அவள் தேய்த்துத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்த அந்த வெல்வெட் போன்ற கருமை, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காததன் அடையாளம். மருத்துவர் அவள் நாற்காலியில் உட்காரும்போதே அதைப் பார்த்துவிட்டார்.

நிரப்புச் சரக்கைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் டி நம்மவர்களில் மிகப் பலருக்குக் குறைவு; பரு உள்ளவருக்கும் குறைவு, இல்லாதவருக்கும் குறைவு. குறைவை நிரப்புவது எலும்புக்கு நல்லது. பருவின் காரணம் கிடைத்துவிட்டது என்று அதை எண்ணக் கூடாது. ஐ.ஜி.இ. ஒவ்வாமை, புழு ஆகியவற்றால் கூடக்கூடியது. பரு ஒவ்வாமை நோயன்று. கல்லீரலும் கொழுப்பும் தொகுப்பில் எப்படி நுழைந்தன என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. கடுமையான பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை தொடங்கும் முன்னும் இடையிலும் மருத்துவர்கள் இவ்விரண்டையும் பார்ப்பார்கள். அந்த மாத்திரை கல்லீரல் நொதிகளையும் கொழுப்பையும் ஏற்றக்கூடும் என்பதே காரணம். மருந்தின் பக்க விளைவைக் கண்காணிக்கும் பரிசோதனை, நோயின் காரணத்தைத் தேடும் பரிசோதனையாக வேடம் மாறிவிட்டது. அதே மாத்திரை கருவிலிருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குத் தவறாமல் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை.

பி12 கதை இன்னும் விந்தையானது. அது சற்றுக் குறைவாக இருந்ததால், தொகுப்போடு இலவசமாக வரும் தொலைபேசி ஆலோசனையில் பேசியவர், பரு போவதற்கு பி12 ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். அதிக அளவு பி12 சிலருக்குப் பருவைக் கிளப்பும் என்பது தோல் மருத்துவத்தில் பழைய செய்தி. அது தோலில் வாழும் அந்தப் பாக்டீரியாவின் செயல்பாட்டையே மாற்றுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வும் காட்டியது. உண்மையான பி12 பற்றாக்குறையை நிரப்ப வேண்டியதுதான், அதில் தயக்கம் வேண்டாம். பருவுக்கு மருந்தாக அதைச் சொல்வதுதான் தலைகீழ். அதே உரையாடலில் கல்லீரலில் சூடு ஏறியிருக்கிறது, குடலில் நச்சு தங்கியிருக்கிறது என்ற சொற்களும் வந்தன. அவற்றுக்குப் பொடி ஒன்றும் விலைக்கு உண்டாம். ரத்தம் கெட்டுக் கிடக்கிறது என்ற மாமியாரின் தீர்ப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விலையில் மட்டுமே. இந்த ஆலோசனைக்கு என் மதிப்பெண் சுழி.

அறிக்கையை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அவர் அதைப் படித்துவிட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார். வயதுக்கு வந்து எத்தனை ஆண்டு, மாதவிலக்கு எத்தனை நாள் இடைவெளியில் வருகிறது, அதற்கு முந்தைய வாரத்தில் பரு கூடுகிறதா, தாடையிலோ மேலுதட்டிலோ தடித்த மயிரைப் பறிக்கிறாயா, உச்சியில் முடி மெலிகிறதா, அண்மையில் எடை கூடியதா, என்ன மாத்திரை, என்ன களிம்பு, யார் சொல்லி. பெண் முதலில் என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் உட்கார்ந்துகொண்டேன், பெரியம்மா அருகில் இருக்கும்போது சொல்ல முடியாதவை சில இருக்கும் அல்லவா. மாதவிலக்கு இரண்டு மாதம், சில வேளை அதற்கும் மேல் தள்ளிப்போவதை அவள் தேர்வு பயத்தால் என்று எண்ணிக்கொண்டு வீட்டில் சொல்லவே இல்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

மருத்துவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். பி.சி.ஓ.எஸ். என்று எல்லோரும் சொல்லும் சினைப்பை நீர்க்கட்டி நிலையைக் கண்டறிய, ரோட்டர்டாமில் 2003இல் வகுத்த அளவுகோல் மூன்று அடையாளங்களில் இரண்டைக் கேட்கிறது: மாதவிலக்குத் தள்ளிப்போவது, ஆண்ட்ரோஜன் மிகையின் அறிகுறி உடலிலோ ரத்தத்திலோ தெரிவது, ஸ்கேனில் சினைப்பை அதற்கே உரிய தோற்றத்தில் இருப்பது. உடலில் அறிகுறி தெளிவாக இருந்தால் ரத்தத்தில் எண் கூடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு நிறையாத பெண்களுக்கு ஸ்கேன் தோற்றத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அந்த வயதில் இயல்பான சினைப்பையே அப்படித் தெரியக்கூடும். அவர்களுக்கு முதல் இரண்டு அடையாளங்களும் இருந்தாக வேண்டும். எங்கள் பெண்ணுக்கு இரண்டும் இருந்தன. பச்சை எழுத்தில் ‘நார்மல்’ என்று வந்த டெஸ்டோஸ்டிரோன் அறிக்கையை நம்பியிருந்தால், உள் காரணம் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டியிருப்போம். காரணம் இருந்தது, அது கேள்வியில் கிடைத்தது, குழாயில் கிடைக்கவில்லை.

அவர் எழுதிக் கொடுத்த பரிசோதனைகள் சிலவே: மாதவிலக்கு நாளைக் கணக்கிட்டுக் காலையில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன், எஸ்.எச்.பி.ஜி., பயோட்டின் நிறுத்திய பின் டி.எஸ்.எச்., குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரை. முகத்தில் பூச இரவில் அடாபலீன், காலையில் பென்சாயில் பெராக்சைடு என்று இரண்டு களிம்புகள். அடாபலீன் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றும், முதல் சில வாரம் தோல் உரிந்து எரிச்சல் தரும் என்றும் முன்பே சொல்லிவிட்டார். ஹார்மோன் சிகிச்சையை மகப்பேறு மருத்துவரோடு கலந்து முடிவு செய்யச் சொன்னார். இப்போது தாடைப் பருக்கள் பெருமளவு குறைந்திருக்கின்றன, தழும்பின் கருமை இன்னும் இருக்கிறது. முழுதும் குணமாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும்.

தொகுப்பு எதைக் காணாது என்பதற்கு என் தம்பி மகன் இன்னொரு சான்று. மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில் சிறு சிறு பருக்கள் திடீரெனக் கிளம்ப, ‘அத்தை, எனக்கும் அந்த டெஸ்ட் போட்டுத் தாங்க’ என்று வந்து நின்றான். திடீரென, ஒரே மாதிரியான பருக்கள், முகத்தை விட உடம்பில் அதிகம் என்றால் மருந்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் தசை வளர்க்கும் ஊசி, காசநோய்க்கான ஐசோனியாசிட், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், மனநல மருத்துவத்தில் தரும் லித்தியம் ஆகியவை எல்லாம் பரு போன்ற கொப்புளங்களைக் கிளப்பக்கூடியவை. அதற்காக எந்த மருந்தையும் தானாக நிறுத்திவிடக் கூடாது; கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். அவன் ஊசி எதுவும் போடவில்லை, பாலின் வே புரதப் பொடியை நாளுக்கு இருமுறை குடித்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்தியபின் புதியவை வருவது குறைந்தது. அரிப்பு இருந்திருந்தால், நம் கடலோரப் புழுக்கத்தில் வளரும் பூஞ்சையையும் மருத்துவர் சந்தேகித்திருப்பார். ஒரு துளி ரத்தமும் இதற்குத் தேவைப்படவில்லை. முகம் வெளுக்கவென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் இந்த வரிசையில் சேரும். அத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதி இறுக்கப்பட்ட பின்னும் அவை கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

மன அழுத்தத்துக்கும் தொகுப்பில் குழாய் இல்லை, இருக்கவும் முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களைத் தேர்வுக் காலத்திலும் அது இல்லாத காலத்திலும் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வில், அழுத்தம் கூடியவர்களுக்குப் பருவும் கூடியது. நம் வீடுகளில் நீட் எழுதும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

யார் வாங்கலாம் என்று கேட்டால், இந்தத் தொகுப்பை இப்போதுள்ள வடிவில் யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பதின்ம வயதில் மாதவிலக்குச் சீராக வரும் பெண்ணுக்கும், வழக்கமான பருவோடு இருக்கும் பையனுக்கும் ஹார்மோன் பரிசோதனையே பெரும்பாலும் வேண்டியதில்லை. மாதவிலக்குத் தாறுமாறாக வருபவர்கள், முகத்தில் தடித்த மயிர் வளர்பவர்கள், இருபத்தைந்துக்கு மேல் திடீரெனக் கடும் பரு கிளம்பியவர்கள், குரல் தடிப்பது போன்ற மாற்றம் காண்பவர்கள், முறையான சிகிச்சைக்கும் அடங்காதவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை வேண்டும். ஆனால் அவர்களுக்கு வேண்டியது இந்தப் பட்டியல் அன்று, பார்த்துக் கேட்டு எழுதப்பட்ட சீட்டு. ஆசாரிபள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குக் காலையில் போய் வரிசையில் நின்றால் அந்தச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. கூட்டம் இருக்கும், ஒருநாள் வேலை கெடும். மூவாயிரம் ரூபாய் மிச்சமாகும். பிறகு அந்தச் சீட்டை இதே நிலையத்திடம் கொடுத்து வீட்டிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லலாம். அந்த வேலையில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோளை எழுதி அனுப்பியிருக்கிறேன். முன்பதிவுப் படிவத்தில் கடைசி மாதவிலக்குத் தேதி, அது வரும் இடைவெளி, உட்கொள்ளும் மாத்திரைகளும் சத்துப் பொடிகளும், பூசும் களிம்புகள் ஆகியவற்றுக்கு இடம் விடுங்கள், ஐ.ஜி.இ.யை எடுத்துவிட்டு எஸ்.எச்.பி.ஜி.யைச் சேருங்கள், இயல்பான டெஸ்டோஸ்டிரோன் பி.சி.ஓ.எஸ். இல்லை என்று ஆகாது என அறிக்கையின் கீழே ஒரு வரி அச்சிடுங்கள். தொலைபேசியில் பேசுபவர் பொடி விற்பதை நிறுத்துங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்திருக்கிறது: நன்றி தெரிவித்து, அடுத்த முறை இதே தொகுப்புக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி தருவதாக.